வைக்கோல் செல்லுலோஸ் சர்க்கரையாக உடைவது 40 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது: நொதியைக் கூட்டலாமா?

கேள்வி:
நெல் வைக்கோலை 2 மி.மீ. துகளாக அரைத்து, பத்து மடங்கு 1.5% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்தேன். கழுவி, 105 டிகிரி அடுப்பில் உலர்த்தினேன். இப்போது செல்லுலோஸ் 58%. அதில் 10 கிராம், பி.எச். மாறாமல் காக்கும் சிட்ரேட் பஃபரோடு (0.05 மோலார், பி.எச். 4.8) மொத்தம் 100 மி.லி. டிரைக்கோடெர்மா ரீசி பூஞ்சையின் செல்லுலேஸ் (செல்லுலோஸை உடைக்கும் நொதி), உலர் எடை கிராமுக்கு 10 எஃப்.பி.யு. (நொதித் திறனின் அலகு). 50 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்றுக் குலுக்கல். 24 மணி நேரத்துக்கு மேல் சர்க்கரை ஏறவே இல்லை. 72 மணி நேரத்தில் டி.என்.எஸ். முறையில் (சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) லிட்டருக்கு 26 கிராம் சர்க்கரை. நொதியை இரட்டிப்பாக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். செல்லுலோஸ் கணக்கில் பார்த்தால் கிராமுக்கு 17 எஃப்.பி.யு. ஆகிறது, அதுவே போதும். சந்தேகம் அடுப்பின் மேல்தான். காரத்தில் உப்பிய நாரை 105 டிகிரியில் காயவைத்தால் நுண்துளைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். திரும்ப நனைத்தாலும் முழுதாகத் திறக்காது, நொதி உள்ளே போக வழியில்லை. கழுவியதைப் பிழிந்து ஈரமாகவே 4 டிகிரியில் வையுங்கள். 2 கிராம் மட்டும் உலர்த்தி ஈரப்பதம் பார்த்து, அதற்கேற்ப எடை போடுங்கள். நாருக்குள் தங்கிய காரம் மெல்லக் கசியும் என்பதால், பஃபர் ஊற்றி 2 மணி கழித்து பி.எச். மறுபடி பாருங்கள்.

பதில் 2:
24 மணி நேரத்தில் நிற்பது செல்லோபயோஸ் (இரண்டு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை) தேங்குவதாலும் இருக்கலாம். அதைக் குளுக்கோஸாக உடைக்கும் பீட்டா-குளுக்கோசிடேஸ் ரீசி நொதியில் குறைவு. தேங்கிய செல்லோபயோஸ் செல்லுலேஸையே தடுத்துவிடும். நின்றுபோன கலவையில் 5 மி.லி. எடுத்து ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் பீட்டா-குளுக்கோசிடேஸ் கொஞ்சம் விடுங்கள். 3 மணியில் குளுக்கோஸ் துள்ளி ஏறினால் காரணம் அதுதான்.

அந்த 26-ஐயும் நம்பாதீர்கள். வைக்கோலில் செல்லுலோஸோடு இருக்கும் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற வேறொரு சர்க்கரையையும் டி.என்.எஸ். சேர்த்தே காட்டும். 5.8 கிராம் செல்லுலோஸ் முழுதும் உடைந்தால் 1.11 மடங்கு, அதாவது 6.4 கிராம் குளுக்கோஸ். உங்கள் 100 மி.லி.யில் உள்ள 2.6 கிராமில் சைலோஸ் கலந்திருப்பதால் உண்மை விகிதம் 40-க்கும் கீழே. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையிலோ எச்.பி.எல்.சி.யிலோ (கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) குளுக்கோஸைத் தனியாக அளவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அடுத்து ஈஸ்ட் போட்டு எத்தனால் எடுக்க வேண்டும். கிருமி வராமலிருக்க சோடியம் அசைடு சேர்க்கலாமா?

பதில் 1:
கூடவே கூடாது. பி.எச். 4.8-இல் அதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரசாயிக் அமிலமாக மாறும். ஆவியாகும் கடும் நஞ்சு அது, 50 டிகிரியில் இன்னும் மோசம். ஈஸ்டையும் கெடுக்கும். பஃபரையும் ஈர வைக்கோலையும் ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபின் நொதியை 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாக விடுங்கள். ஈஸ்ட் போடும் முன் 32 டிகிரிக்கு இறக்குங்கள். கிராம் குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 0.51 கிராம் எத்தனால். சாதாரண சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் சைலோஸைத் தொடாது, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.