திறந்திருக்கும் கோப்பின் பெயரை மாற்றினால், பழைய பெயரில் மறுபடி ஒரு கோப்பு வருகிறது: விம், உபுண்டு

கேட்டவர்:
வணக்கம். ஒரு நீண்ட மொழிபெயர்ப்பை விம் எடிட்டரில் இயல் இயலாகத் தட்டச்சு செய்து வருகிறேன். எழுதும்போது கோப்பின் பெயர் ‘வரைவு’. ஓரளவு முடிந்ததும் இன்னொரு டெர்மினலில் எம்வி கட்டளை கொடுத்து ‘இயல்-3’ என்று மாற்றுகிறேன். விம் திறந்தபடியே இருக்கும். திரும்பி வந்து நாலு வரி திருத்தி :டபிள்யூ கொடுத்தால் சேமித்துவிட்டதாகத்தான் சொல்கிறது. ஆனால் எல்எஸ் போட்டுக் கோப்புப் பட்டியலைப் பார்த்தால் ‘வரைவு’, ‘இயல்-3’ இரண்டும் இருக்கின்றன. திருத்தம் எல்லாம் ‘வரைவு’க்குள் போயிருக்கிறது.

லினக்ஸில் கோப்பின் அடையாளம் ஐநோட் எண்தான், பெயர் மாறினாலும் அது மாறாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் விம் ஏன் அதே கோப்பிலேயே எழுதுவதில்லை? இப்போது இரண்டில் எதை வைத்துக்கொள்வது?

பதில் 1:
மூடிவிட்டுப் பெயரை மாற்றி மறுபடி திறங்கள். எந்த எடிட்டரிலும் இது போதும்.

பதில் 2:
போதும்தான், ஆனால் மூடினால் அன்டூ வரலாறு போய்விடும். மொழிபெயர்ப்பு வேலையில் காலையில் எழுதிய வாக்கியத்துக்கு மாலையில் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அதை இழக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஐநோட் பற்றி நீங்கள் படித்தது சரி. எம்வி கொடுத்தால் அடைவில் (ஃபோல்டரில்) உள்ள பெயர் மட்டும் மாறும், எண் அப்படியே இருக்கும். ஆனால் விம் உங்கள் கோப்பைப் பிடித்து வைத்திருக்கவில்லை. திறந்தவுடன் முழு உரையையும் நினைவகத்துக்கு எடுத்துக்கொண்டு கோப்பை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு அதனிடம் இருப்பது ‘வரைவு’ என்ற பாதை மட்டும். :டபிள்யூ கொடுக்கும்போது அந்தப் பாதைக்குப் போகிறது, அங்கே எதுவும் இல்லை, புதிதாக ஒன்றை உண்டாக்குகிறது.

இன்னொன்றும் பாருங்கள். எல்எஸ் கட்டளையோடு ‘-i’ சேர்த்து, சேமிப்பதற்கு முன்னும் பின்னும் ஐநோட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரையே மாற்றாதபோதும் பல நேரம் எண் மாறியிருக்கும். பழைய கோப்பைக் காப்புப் பிரதியாக ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் புதுக் கோப்பை விம் எழுதுவதுதான் காரணம். ‘பேக்கப்காப்பி’ என்ற அமைப்பு இதைத் தீர்மானிக்கிறது. ஆக, ஐநோட்டை நம்பிப் பின்தொடரவும் வழியில்லை.

உள்ளிருந்தே மாற்றுவதுதான் நல்லது. :சேவ்ஆஸ் இயல்-3 என்று கொடுங்கள். அப்புறம் :!ஆர்எம் # கொடுத்தால் பழைய கோப்பு போய்விடும், அந்த # முந்தைய பெயரைக் குறிக்கும். அன்டூ அப்படியே இருக்கும். அடிக்கடி செய்கிறீர்கள் என்றால் டிம் போப் எழுதிய யூனக் என்ற ப்ளகினை (விம்மில் சேர்க்கும் துணை நிரல்) போட்டுக்கொள்ளுங்கள், :ரீநேம் என்ற ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

வெளியே ஏற்கெனவே மாற்றிவிட்டால் :ஃபைல் இயல்-3 என்று விம்முக்குப் புதுப் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த :டபிள்யூ, கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று ஈ13 பிழை காட்டும். ஆச்சரியக்குறி சேர்த்தால் எழுதிவிடும். வேறு யாரும் அதைத் தொடவில்லை என்று உறுதியானால் மட்டும் சேருங்கள்.

பதில் 3:
மற்ற எடிட்டர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விஎஸ் கோடில் இடப்பக்கப் பட்டியலில் எஃப்2 அழுத்தி மாற்றினால் டேபும் கூடவே மாறும். டெர்மினலில் மாற்றினால் டேபில் பழைய பெயர் மேல் கோடு விழும். அந்தக் கோட்டைக் கவனிக்காமல் சேமித்தால் உங்களுக்கு நடந்ததேதான் நடக்கும். ஈமேக்ஸில் டைரெட் என்ற கோப்புப் பட்டியலில் பெரிய ஆர் (R) அழுத்தினால், அந்தக் கோப்பு திறந்திருக்கும் பஃபருக்கும் புதுப் பெயர் வந்துவிடும். 2023-இல் வந்த 29ஆம் பதிப்பில் ‘ரீநேம்-விசிட்டட்-ஃபைல்’ என்று தனிக் கட்டளையே உண்டு. மேக்கில் டெக்ஸ்ட்எடிட் மட்டும், ஃபைண்டரில் பெயரை மாற்றினாலும் தானே தெரிந்துகொள்கிறது. அங்கே ஆவணம் இடம் மாறினால் செயலிக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு இயங்குதளத்திலேயே இருக்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இடையில் ஒருமுறை ஈ211 என்று ஏதோ வந்தது, என்டர் தட்டி நகர்ந்துவிட்டேன். அதுவும் இதுதானா? கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் ‘கிட் எம்வி’ கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் வராதா?

பதில் 2:
அதேதான். ‘நான் திறந்த கோப்பு இப்போது அந்த இடத்தில் இல்லை’ என்பது ஈ211. அது வந்தால் சேமிக்காமல் முதலில் :ஃபைல் கொடுங்கள். கிட் எம்வியும் வெளியே நடக்கும் மாற்றம்தான், விம்முக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

உங்களிடம் உள்ள இரண்டைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். சேமிக்கும்போது திருத்தம் மட்டுமல்ல, முழு உரையும் எழுதப்படும். எனவே ‘வரைவு’ முழுமையாகத்தான் இருக்கும். விம்டிஃப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ‘இயல்-3’ பக்கம் மட்டும் இருக்கும் வரி எதுவும் இல்லையென்றால், ‘வரைவு’ திறந்திருக்கும் விம்மில் :ஃபைல் இயல்-3, பிறகு :டபிள்யூ!, கடைசியாக ‘வரைவு’ கோப்பை நீக்கிவிடுங்கள்.