உபுண்டு (சர்வர் ஓஎஸ்) அப்கிரேட் 1022ம் போர்ட்னு கேட்டு நிக்குது, ஒய் (Y, சரி) குடுக்கலாமா? அவசரம்

கடலைமிட்டாய்:
சர்வர் ஜெர்மனில, நான் திருப்பூர்ல. புட்டிங்கற (PuTTY) சாஃப்ட்வேர்ல, எஸ்எஸ்ஹெச் (தூரத்து சர்வரை இயக்குற பாதுகாப்பான இணைப்பு) வழியா உள்ள போய் அப்கிரேட் போட்டேன். எஸ்எஸ்ஹெச்ல ஓட்டுறது ஆபத்து, 1022ம் போர்ட்ல இன்னொரு எஸ்எஸ்ஹெச் ஆரம்பிக்கிறேன், தொடரவான்னு கேக்குது. குடுத்தா சர்வர் போயிடுமா? கம்பெனி பில்லிங் இதுலதான். காலைல 9 மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க.

ஈரோட்டுக்காரன்:
எந்த வெர்ஷன்ல இருந்து எதுக்கு? விபிஎஸ்ஸா (ஒரு மெஷின்ல பங்கு), டெடிகேட்டடா (முழு மெஷினும் உங்களுக்கே)? கன்சோல் (எஸ்எஸ்ஹெச் இல்லாமலே உள்ள போற வழி) இருக்கா?

கடலைமிட்டாய்:
உபுண்டுதாங்க.

பழம்பெங்குயின்:
டாக்டர்கிட்ட போய் "உடம்புதாங்க"ன்னு சொல்ற மாதிரி இருக்கு. ரிலீஸ் நோட்ஸ்னு ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க தம்பி, யாருக்காக?

கடலைமிட்டாய்:
20.04. 22.04க்கு கூப்பிடுது, எனக்கு வேணுங்கறது 24.04. விபிஎஸ். பேனல்ல கன்சோல்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினதில்ல.

ராத்திரிஷிஃப்ட்:
முதல்ல என் (N, வேண்டாம்) குடுத்து வெளிய வாங்க, இன்னும் எதுவும் மாறியிருக்காது. அந்தப் பட்டனை இப்பவே அமுக்கி, லாகின் ஆகுதான்னு பாருங்க. கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா வர்ற சாவி ஃபைல்) மட்டும் வச்சே பழகினவங்களுக்குப் பாஸ்வேர்டே இருக்காது, அப்புறம் கன்சோல் வந்தும் புண்ணியமில்ல. டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எடுத்து வேற இடத்துல வைங்க. சர்வரை நிறுத்திட்டு ஸ்னாப்ஷாட் (மொத்த டிஸ்க்கோட நகல்) எடுங்க.

1022ங்கறது, நடுவுல வழக்கமான எஸ்எஸ்ஹெச் செத்துட்டா உள்ள வர்றதுக்கான இன்னொரு வாசல். உபுண்டுவோட ஃபயர்வால் யூஎஃப்டபிள்யூல திறக்கணும். பேனல்ல தனி ஃபயர்வால் இருந்தா அங்கயும். வேலை முடிஞ்சதும் மூடிடுங்க. 24.04க்கு நேரா தாவ முடியாது, 22.04 வழியாத்தான்.

ஈரோட்டுக்காரன்:
பூட் பார்ட்டிஷன் (சர்வர் கிளம்பறதுக்கான ஃபைல் இருக்கற டிஸ்க் பகுதி) தனியா இருந்தா எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பாருங்க. பழைய கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) குவிஞ்சு கிடக்கும். என்னைக் கேட்டா பாதி சர்வர் சாகுறது அதாலதான்.

டிமக்ஸ்பிரியன்:
டிமக்ஸ்க்குள்ள ஓட்டுங்க. நெட் போனாலும் கவலையில்ல.

ராத்திரிஷிஃப்ட்:
அப்கிரேட் தானாவே ஸ்க்ரீன்ங்கற அதே மாதிரி டூலுக்குள்ளதான் ஓடும். அறுந்தா திரும்ப வந்து சூடோ (அட்மின் உரிமை) போட்டு ஸ்க்ரீனை ஒட்டிக்கலாம்.

டிமக்ஸ்பிரியன்:
1987ல வந்த சாமானை இன்னும் எத்தனை நாளைக்கு?

பழம்பெங்குயின்:
ரெண்டும் வேண்டாம். டெபியன் (இன்னொரு லினக்ஸ் ஓஎஸ்) போட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. 20.04 சப்போர்ட் 2025 மே மாசமே முடிஞ்சாச்சு, இத்தனை நாள் என்ன பண்ணீங்க?

ஈரோட்டுக்காரன்:
உபுண்டு ப்ரோல 2030 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும் சார். டெபியன்லயும் படிப்படியாத்தான் ஏறணும். 12ல இருந்து 13க்குப் போறப்ப நடுவுல எஸ்எஸ்ஹெச் அறுந்தா திரும்ப நுழைய முடியாம போகலாம்னு அவங்க ரிலீஸ் நோட்ஸ்லயே இருக்கு. படிச்சிருப்பீங்களே.

பழம்பெங்குயின்:
நான் 13க்கு இன்னும் போகல.

மல்லிகா_டெவ்:
டெபியன் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. தம்பி, பில்லிங் பிஹெச்பில (ப்ரோக்ராம் மொழி) எழுதினதா? 20.04ல பிஹெச்பி 7.4, 22.04ல 8.1. பழைய கோடு கண்டிப்பா எங்கயாவது முரண்டு பிடிக்கும். இன்னிக்கு ராத்திரி விட்டுடுங்க. ஸ்னாப்ஷாட்ல இருந்து இன்னொரு விபிஎஸ்ஸை மணிக்கணக்கு வாடகைக்கு எழுப்பி, அதுல ஏத்திப் பாருங்க. அதுல க்ரானை (நேரம் வச்சு தானா வேலை ஓட்டுறது) உடனே நிறுத்திடணும், இல்லேன்னா கஸ்டமருக்கெல்லாம் ரெண்டாவது தடவை பில் மெயில் போகும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் மாத்தவான்னு கேட்டா, உங்களோடதையே வச்சுக்கச் சொல்லுங்க.

கடலைமிட்டாய்:
சரிங்க்கா. ஞாயித்துக்கிழமை பண்றேன்.

கடலைமிட்டாய்:
22.04 ஆச்சு. 1022 தேவைப்படல. ரீபூட்டுக்கு அப்புறம் புட்டி கீயை ஏத்துக்கல, கன்சோல்ல உள்ள போனேன். பில் பிரிண்ட் ஆகுது. எல்லாருக்கும் நன்றி.

ராத்திரிஷிஃப்ட்:
பழைய புட்டியா இருக்கும். 22.04ல ஓபன்எஸ்எஸ்ஹெச் (சர்வர்ல ஓடுற எஸ்எஸ்ஹெச் சாஃப்ட்வேர்) 8.9, ஷா-1ங்கற பழைய முறைல கீ போடுற கையெழுத்தை ஏத்துக்காது. புது புட்டி போட்டா அதே ஆர்எஸ்ஏ வகை கீ போதும், சர்வர் பக்கம் செட்டிங்கைத் தளர்த்தாதீங்க. 24.04க்கு எப்ப?

ஈரோட்டுக்காரன்:
பூட் எவ்வளவு நிறைஞ்சிருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே?

டிமக்ஸ்பிரியன்:
ஸ்க்ரீன்ல மேல ஸ்க்ரோல் பண்ண முடிஞ்சுதா?