ஜிஆர்பிசி ஸ்ட்ரீமிங்: ரியாக்டர் இருந்தும் சர்வரின் நினைவகம் நிரம்புகிறது, உதவி தேவை

தேக்கா நிரலர்: வணக்கம். பேருந்து வருகை நேரங்களைக் கைப்பேசிச் செயலிக்கு ஜிஆர்பிசி (நிரல்கள் வலையமைப்பு வழியே ஒன்றையொன்று அழைக்கும் முறை) சர்வர் ஸ்ட்ரீமிங் வழியாக, தொடர் செய்திகளாக அனுப்புகிறோம். அலுவலக வைஃபையில் எந்தக் குறையும் இல்லை. மாலை நெரிசலில் பயனர்கள் கூடியதும் நினைவகம் நிரம்பிச் சர்வர் விழுந்துவிடுகிறது. தரவு ஓட்டங்களைக் கையாளும் ரியாக்டர் நூலகத்தைப் பயன்படுத்தினால் பேக்பிரஷர் (வாசிப்பவரின் வேகத்துக்கேற்ப அனுப்புவதைக் கட்டுப்படுத்துவது) தானாகவே கிடைக்கும் அல்லவா? நாளைக்குள் சரிசெய்தாக வேண்டும்.

செங்காங்வாசி: எந்த மொழி, நிரம்புவது ஹீப்பா (நிரலின் பொருள்கள் இருக்கும் நினைவகம்) டைரக்ட் மெமரியா (அதற்கு வெளியே உள்ளது), ரியாக்டரின் தரவு ஓட்டமான ஃப்ளக்ஸை ஜிஆர்பிசியுடன் எவ்வாறு இணைத்திருக்கிறீர்கள் என்ற விவரங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது.

பைட்டுப்பித்தன்: பல இணைப்புகளைக் கவனிக்கும் ஈவென்ட் லூப்பில் யாரோ ஜேடிபிசி அழைப்பை (பதில் வரும்வரை காத்திருக்கும் தரவுத்தள அழைப்பை) வைத்திருக்கிறார்கள். அதை, காத்திருக்கும் வேலைகளுக்கான பவுண்டட் எலாஸ்டிக் ஷெட்யூலருக்கு மாற்றுங்கள், தீர்ந்துவிடும். நான் பார்த்த சிக்கல்கள் எல்லாமே இதுதான்.

தேக்கா நிரலர்: ஜாவா 17. நிரம்புவது ஜிஆர்பிசிக்கு அடியில் உள்ள நெட்டி என்னும் வலையமைப்பு நூலகத்தின் டைரக்ட் மெமரி. ஹீப்பில் இடம் இருக்கிறது. ஜேடிபிசி இல்லை. ஃப்ளக்ஸை சப்ஸ்கிரைப் செய்து, வரும் ஒவ்வொன்றையும், செயலிக்கு அனுப்பும் ஜிஆர்பிசியின் ஸ்ட்ரீம் அப்சர்வரின் ஆன்நெக்ஸ்டுக்குக் கொடுக்கிறோம்.

முதுநிரலன்: இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் மற்றவர்களின் நேரம் மிஞ்சியிருக்கும். லாம்டாவை (பெயரில்லாச் செயற்கூறை) மட்டும் கொடுத்து சப்ஸ்கிரைப் செய்தால் ரியாக்டர் வரம்பின்றிக் கேட்கும்; ஆன்நெக்ஸ்டோ எதற்கும் காத்திருக்காமல், அனுப்ப முடியாததை நெட்டியின் வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். எதிர்முனை மெதுவாக வாசிக்கிறது என்பதை இஸ்ரெடி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, நீங்கள்தான் கேட்கவில்லை. மீண்டும் அனுப்பலாம் என்றானதும் தெரிவிக்கும் செட் ஆன்ரெடி ஹேண்ட்லரின் ஆவணத்தை ஒரு முறையாவது வாசியுங்கள்.

செங்காங்வாசி: கருத்து சரி, தொனிதான் தேவையில்லை. அந்த ஹேண்ட்லரைக் கையால் எழுதுவதைவிட, சேல்ஸ்ஃபோர்ஸ் வெளியிட்ட திறமூல ரியாக்டர்-ஜிஆர்பிசி நூலகம் இஸ்ரெடியையும் ரிக்வெஸ்ட்(என்)ஐயும் (வாசிப்பவர் இத்தனை உறுப்புகள் வேண்டும் என்று கேட்பதையும்) இணைத்தே தருகிறது. ஆனால் உங்கள் மூலம் ஃப்ளக்ஸ்.கிரியேட்டாக இருந்தால் அதன் இயல்புநிலை பஃபர் (எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது) என்பதால், குவியல் டைரக்ட் மெமரியிலிருந்து ஹீப்புக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது. பழைய வருகை நேரம் யாருக்கும் பயன்படாது. கடைசி மதிப்பை மட்டும் வைத்திருக்கும் ஆன் பேக்பிரஷர் லேட்டஸ்ட் போதும்.

நீரோட்டம்: அடிப்படையே பொருந்தவில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. ஜிஆர்பிசிக்கு அடியில் உள்ள ஹெச்டிடிபி/2 நெறிமுறை கணக்கிடுவது பைட்டுகளை, ரியாக்டர் பின்பற்றும் ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் கணக்கிடுவது உறுப்புகளை. தொடக்கச் சாளரம் (எதிர்முனையின் அனுமதிக்குக் காத்திருக்காமல் அனுப்பக்கூடிய அளவு) 65,535 பைட்டுகள் என்னும்போது, வாசிப்பவர் ஒன்றே ஒன்று கேட்டாலும் நூற்றுக்கணக்கான சிறு செய்திகள் வழியில் நிற்கலாம். ஆர்சாக்கெட் என்னும் வேறொரு நெறிமுறை ரிக்வெஸ்ட்(என்)ஐத் தனக்குள்ளேயே அனுப்புகிறது.

முதுநிரலன்: நாளைக்குள் சரிசெய்ய வேண்டியவரிடம் நெறிமுறையை மாற்றச் சொல்வது நல்ல யோசனைதான்! லோட் பேலன்சரையும் கண்காணிப்புக் கருவிகளையும் யார் மாற்றுவது?

நீரோட்டம்: பொருத்தமின்மையைச் சுட்டினேன், உடனே மாற்றச் சொல்லவில்லை. சாளரத்தைப் பெரிதாக்கினால் இந்தத் தேக்கம் கூடும் என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

தேக்கா நிரலர்: நூலகத்தையும் லேட்டஸ்டையும் சேர்த்தோம். நேற்று மாலை சர்வர் விழவில்லை. நன்றி.

செங்காங்வாசி: மகிழ்ச்சி. ஒன்று மட்டும் பாருங்கள்: ஒரே ஸ்ட்ரீமில் பல நிறுத்தங்களின் நேரங்கள் கலந்து சென்றால், லேட்டஸ்ட் கடைசியாக வந்த நிறுத்தத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடும். நிறுத்தத்துக்கு ஒரு மதிப்பாகச் சேர்த்து வைத்து அனுப்ப வேண்டும். உங்கள் செயலியில் எப்படி?