யுரேகா எழுச்சி: 'பல்லாரட் டைம்ஸ்' ஆசிரியர் மட்டும் சிறை போனது ஏன்?

சுரங்கவாசி:
ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் தங்கம் தோண்டியவர்கள் அரசுக்கு எதிராக எழுந்த 1854 யுரேகா கலகத்தில் ராஜதுரோக வழக்கில் நின்ற 13 பேரும் விடுதலை. 'பல்லாரட் டைம்ஸ்' ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் மட்டும் உள்ளே. கலகக்காரர்கள் கட்டிய அரணுக்குள் நின்றவர்கள் தப்ப, அச்சகத்தில் இருந்தவர் எப்படி மாட்டினார்? கலகத்தைக் கிளப்பியதே அந்தப் பத்திரிகைதானா?

ஈய எழுத்து:
குற்றச்சாட்டே வேறு. ராஜதுரோகம் என்றால் ராணிக்கு எதிராகப் போர் தொடுக்கும் எண்ணம் இருந்ததென்று ஜூரி ஒப்ப வேண்டும், ஒப்பினால் தூக்கு. தங்கம் தோண்டியவர்கள் மேல் இரக்கம் கொண்டிருந்த மெல்போர்ன் ஜூரி அதற்கு இணங்கவில்லை. சீகாம்ப் மேல் போட்டது ராஜதுவேஷ அவதூறு, அதாவது அரசுக்கு எதிராகத் தூண்டும் எழுத்தை வெளியிட்ட குற்றம். அதற்கு அச்சான தாளே சாட்சி. யார் எழுதினாலும் வெளியிட்டவர்தான் பொறுப்பு. நவம்பர் 11-ல் பல்லாரட்டின் பேக்கரி ஹில்லில் தோண்டுபவர்களின் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 18-ஆம் தேதி சனிக்கிழமை இதழ் அதை ஆஸ்திரேலியச் சுதந்திரத்தின் முளை என்றே எழுதியது. அரசுத் தரப்புக்கு வேறென்ன வேண்டும்?

டிசம்பர் 4 கைது, 1855 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, மார்ச்சில் ஆறு மாதத் தண்டனை. மூன்று மாதத்தில் விட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பத்திரிகையின் நிருபர் ஜான் மேனிங் அந்த 13 பேரில் ஒருவர். அவருக்கு விடுதலை!

மண்வெட்டி:
கிளப்பியது பத்திரிகை என்பதை ஏற்க மாட்டேன். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும். அது போதாதென்று ஆளுநர் ஹோதம் வாரம் இருமுறை உரிமச் சோதனைக்கு உத்தரவிட்டார். ஸ்கோபி என்ற சுரங்கத் தொழிலாளியின் கொலையில் ஹோட்டல்காரர் பென்ட்லியை முதலில் விட்டுவிட்டதும் சேர்ந்துகொண்டது; அக்டோபர் 17-ல் அவருடைய யுரேகா ஹோட்டல் எரிந்தது. இத்தனைக்கும் பிறகுதான் 'முளை' தலையங்கம்.

பத்திரிகையின் உண்மையான வேலை வேறிடத்தில் நடந்தது என்பது என் கணிப்பு. நவம்பர் 29 கூட்டத்துக்கான சுவரொட்டி அந்த அச்சகத்தில்தான் அடிக்கப்பட்டது. அன்று ஒரு புதன்கிழமை, கூடியவர்கள் சுமார் 10,000 பேர். கலகக்காரர்களின் யுரேகா கொடி முதன்முதலாக ஏறியதும் அன்றே.

ஈய எழுத்து:
சுவரொட்டி விஷயம் சரி. இன்னொன்று: கணவர் கைதானதும் கிளாரா சீகாம்ப் பத்திரிகையை எடுத்து நடத்தினார். கலகத்துக்கு அந்நியர்களே காரணம் என்ற ஹோதமின் பேச்சுக்கு 1855 ஜனவரி 1 தலையங்கத்தில் 'இங்கே யார் அந்நியர்?' என்று திருப்பிக் கேட்டார். கணவர் வழக்கு அப்போது இன்னும் முடியவில்லை.