ஃப்ளெக்ஸ் இடம் ஒப்புக்குச் சப்பாணியா? 10 பேர் லீக், 4வது பிக்

அஸ்தம்பட்டி_பென்ச்:

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் ஃபேண்டஸி (நிஜ வீரர்களைப் பிரிச்சு எடுத்து நாமளே அணி கட்டி, அவங்க களத்துல ஆடுறதுக்கு ஏத்தபடி புள்ளி எடுக்கிற விளையாட்டு), 10 பேர் லீக், எல்லாரும் சேலம்தான். ஸ்னேக் டிராஃப்ட், அதாவது ஆள் எடுக்கிற வரிசை ஒரு ரவுண்டு 1ல இருந்து 10, அடுத்த ரவுண்டு 10ல இருந்து 1னு திரும்பும், எனக்கு 4வது இடம். ஃபுல் பிபிஆர், அதாவது கேட்ச்சுக்கு 1 புள்ளி. குவார்ட்டர்பேக் (பாஸ் எறியறவர்) 1, ரன்னிங் பேக் (பந்தோட ஓடுறவர்) 2, ரிசீவர் (பாஸ் பிடிக்கிறவர்) 2, டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்றவர்) 1, ஃப்ளெக்ஸ் 1, டிஃபன்ஸ் (ஒரு அணியோட தடுப்பு முழுக்க) 1, கிக்கர் 1, பென்ச் 7. மொத்தம் 16 ரவுண்டு. ஃப்ளெக்ஸ்ல ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் மூணுல யாரை வேணும்னாலும் நிறுத்தலாம்.

எங்க கூட்டத்துல மத்த இடமெல்லாம் நிரம்பின பிறகு, 9வது ரவுண்டு வாக்குல மிச்சம் இருக்கிறவரை ஃப்ளெக்ஸுக்குப் போட்டுக்கிறதுதான் வழக்கம். இது சரியா? எந்த ரவுண்டுல எடுக்கணும்? ரன்னிங் பேக்கா, ரிசீவரா? டிராஃப்ட் ஏற்காட்டுல ஒரு காட்டேஜ்ல. பணப் பந்தயம் கிடையாது, கடைசியா வர்றவர் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தரணும், அவ்வளவுதான்.

சேர்வராயன்:

ஃப்ளெக்ஸை ஒப்புக்குச் சப்பாணியா நினைக்கிறதுதான் தப்புங்க. எண்ணிப் பாருங்க. 10 அணிக்கு 20 ரன்னிங் பேக், 20 ரிசீவர், அதோட 10 ஃப்ளெக்ஸ். வாராவாரம் களத்துல நிக்கப்போறது இந்த ரெண்டு வகையில ஏறக்குறைய 50 பேர். 9வது ரவுண்டுல உங்க பிக் 84, அதாவது மொத்தத்துல 84வது தேர்வு. அதுக்கு முன்னாடி 83 பேர் போயிருப்பாங்க. அதுல குவார்ட்டர்பேக்கும் டைட் எண்டும் சேர்ந்து 20 பேர்னு வச்சாலும் ரன்னிங் பேக், ரிசீவர்ல 63 பேர் போயாச்சு. 50க்குள்ள இருக்க வேண்டியவர் நிக்கிற இடத்துல 64வது ஆளை நிறுத்துறீங்க. மத்தவங்க பென்ச்சுல உட்கார வச்சிருக்கிறவரைவிட மோசமானவர் உங்களுக்கு ஆடுறார்.

4வது இடத்துக்கு உங்க பிக் வரிசை: 4, 17, 24, 37, 44, 57, 64, 77, 84. முதல் 6 பிக்ல அஞ்சு ரன்னிங் பேக், ரிசீவராவே போகணும். 57க்குள்ள ஃப்ளெக்ஸ் முடிஞ்சிருக்கணும். மிச்சம் ஒரு பிக் டைட் எண்டுக்கோ குவார்ட்டர்பேக்குக்கோ, அதுவும் நல்லவர் எதிர்பார்த்ததைவிட இறங்கி வந்தா மட்டும்.

ரெண்டுல யாருங்கிறதுக்கு பிபிஆர் கணக்கே பதில் சொல்லும். 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு போறது) 6. சாதாரணமான ஒரு ரிசீவர் 6 கேட்ச், 60 யார்டு எடுத்தா 12. அதே தரத்துல ஒரு ரன்னிங் பேக் 13 தடவை ஓடி 50 யார்டு, 1 கேட்ச்ல 5 யார்டு எடுத்தா 6.5. டச்டவுன் போட்டாத்தான் ரிசீவரைத் தாண்டுவார். கேட்ச்சுக்குப் புள்ளி இல்லாத லீக்கா இருந்தா ரிசீவர் 6, ரன்னிங் பேக் 5.5, அங்க கதையே வேற. 2021ல ரிசீவர் கூப்பர் கப் 145 கேட்ச் பிடிச்சார். 17 ஆட்டத்துக்குப் பிரிச்சா, பிபிஆர்ங்கிற ஒரே காரணத்தால ஆட்டத்துக்கு 8.5 புள்ளி கூடுதல். 2020ல ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி 2,027 யார்டு ஓடினார், ஆனா கேட்ச் வெறும் 19.

அதுக்காக எல்லா ரன்னிங் பேக்கையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. 2019ல கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, அவரும் ரன்னிங் பேக்தான், 116 கேட்ச் பிடிச்சார். மூணாவது டவுன்லயும் (10 யார்டு முன்னேறக் கிடைக்கிற 4 முயற்சியில மூணாவது, பெரும்பாலும் பாஸ் போடுற நேரம்) களத்துல நிக்கிறவரா, பாஸ் அவர் பக்கம் வருதான்னு பாருங்க. நின்னா அவர் ரிசீவர் மாதிரிதான்.

இன்னொண்ணு, நிறையப் பேர் தடுமாறுற இடம். 44ல நிக்கும்போது, சீசன் முழுக்க எவ்வளவு புள்ளி எடுப்பார்ங்கிற கணிப்புப் பட்டியல்ல குவார்ட்டர்பேக்குக்கு 300, ரிசீவருக்கு 200னு இருந்தா 300ஐப் பார்த்துக் கை போகும். போகக் கூடாது. 10 பேர் லீக்ல 11வது குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது யார் அணியிலயும் ஆட இடமில்லாத முதல் ஆளுக்கு, எவ்வளவு போட்டிருக்குன்னு பாருங்க. 280ன்னா உங்களுக்கு மிச்சம் 20தான். ரிசீவருக்கு, ரெண்டு வகையையும் ஒரே பட்டியலாக் கலந்து 51வது ஆளைப் பாருங்க. அவருக்கு 160ன்னா மிச்சம் 40. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க பட்டியலை வச்சுப் போட்டுக்கோங்க. ரன்னிங் பேக்குக்கும் ரிசீவருக்கும் நடுவுல மட்டும் இந்தக் கழித்தல் பெரிசா வேண்டாம். ஃப்ளெக்ஸ் ரெண்டு வரிசையையும் ஒண்ணாக்கிடுறதால அடிமட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவுல வந்து நிக்கும், நேரடியாப் புள்ளியையே ஒப்பிடலாம்.

ஏற்காடு_20வளைவு:

மேல சொன்னது ஃப்ளெக்ஸ்ல யார் ஆடணும்ங்கிறதுக்குச் சரி. பென்ச்சுக்கு அதையே நீட்டாதீங்க, அங்க தலைகீழ். ஒரு ரிசீவர் காயமானா அவருக்கு வர்ற பாஸ் மூணு நாலு பேருக்குச் சிதறிடும். ரன்னிங் பேக் விழுந்தா வேலை பெரும்பாலும் ஒரே மாற்று ஆளுக்குப் போகும். மெக்காஃப்ரியே 2024ல 4 ஆட்டம்தான் ஆடினார். அதனால 7 பென்ச்சுல 4 ரன்னிங் பேக், 3 ரிசீவர். அந்த 4ல ரெண்டு பேராவது, முன்னாடி நிக்கிறவர் விழுந்தா முழு வேலையும் கிடைக்கிற மாற்று ஆளா இருக்கட்டும். வாரம் 5 புள்ளி நிச்சயம்னு பென்ச்சுக்கு எடுக்கிற நாலாவது ரிசீவர் உங்களுக்கு எந்த வாரமும் ஆடப் போறதில்லை.

10 பேர் லீக்ல ரெண்டாவது குவார்ட்டர்பேக், ரெண்டாவது டைட் எண்ட் வீண். பை வாரத்துக்கு (அவரோட அணிக்கு ஆட்டம் இல்லாத வாரம்) வேவர்ல (யாரும் எடுக்காம மிச்சம் இருக்கிறவங்க பட்டியல்) கிடைப்பாங்க. டிஃபன்ஸ், கிக்கர் 15, 16வது ரவுண்டு, அதுக்கு முன்னாடி தொடாதீங்க.

டிராஃப்ட் ஏற்காட்டுலன்னா ஒரு எச்சரிக்கை. சிக்னல் ஒரு நிமிஷம் போனாலும் ஆட்டோ பிக் (தளமே உங்களுக்குப் பதிலா ஆள் எடுக்கிறது) எடுத்துடலாம், அதைத் திருப்புறது சுலபமில்லை. கீழேயே உட்கார்ந்து தரவரிசையை உங்க இஷ்டத்துக்கு மாத்திச் சேமிச்சுட்டு மலை ஏறுங்க. டிராஃப்ட் ஓடும்போது க்யூல (அடுத்து வேணும்னு வரிசை போட்டு வைக்கிற பட்டியல்) எப்பவும் 5 பேராவது இருக்கணும். ரெண்டுமே இல்லைன்னா தளத்தோட சொந்த வரிசைப்படி எடுத்துடும், அது உங்க கணக்கோட ஒத்துப் போகாம இருக்கலாம்.

ராத்திரி_ஷிப்ட்:

டிராஃப்ட்டுல சேர்த்ததை ஞாயித்துக்கிழமை தொலைக்கிறவங்கதான் அதிகம். ஃப்ளெக்ஸ்ல எப்பவும் கடைசியா ஆடுறவரை வைங்க.

நம்ம நேரத்துக்கு வியாழன் ஆட்டம் வெள்ளி காலை 5:45. ஞாயிறு முதல் கட்டம் ராத்திரி 10:30, அடுத்தது 1:35, 1:55. ஞாயிறு ராத்திரி ஆட்டம் திங்கள் காலை 5:50க்கு மேல, திங்கள் ஆட்டம் செவ்வாய் காலை 5:45. லண்டன் மாதிரி ஐரோப்பாவுல நடக்கிற ஆட்டம் வந்தா பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலம் 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவுல கடிகாரத்தை மாத்துவாங்க, அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் 1 மணி நேரம் கூட்டிக்கணும். இது மறந்துபோய் ஒரு மணி நேரம் முன்னாடியே டிவி முன்னால உட்கார்றதுல நஷ்டம் ஒண்ணுமில்லை, தூக்கம்தான்.

ஆடாதவங்க பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிஷம் முன்னாடி வரும். 10:30 ஆட்டத்துக்கு 9 மணி, 1:55 ஆட்டத்துக்கு 12:25. காயத்தால ஆடுவாரான்னு சந்தேகத்துல இருக்கிற உங்க ரன்னிங் பேக் 1:55ல ஆடணும்னு வைங்க. அவர் ரன்னிங் பேக் இடத்துல நின்னு 12:25க்கு இல்லைன்னு வந்தா, இன்னொரு ரன்னிங் பேக்தான் அங்க போக முடியும். ஃப்ளெக்ஸ்ல நின்னா, பென்ச்சுல ஆட்டம் தொடங்காத ரிசீவர் இருந்தாலும் போதும். தொடங்காதங்கிறது முக்கியம், 10:30 ஆட்டக்காரங்க எல்லாம் அதுக்குள்ள பூட்டியாச்சு, இனி மாத்த முடியாது. வியாழன் ஆடுறவரை ஃப்ளெக்ஸ்ல வச்சா, வெள்ளி காலையிலேயே அந்த வசதி போச்சு.

லீக் அமைப்புல பூட்டு ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனியான்னு பார்த்துக்கோங்க. முதல் ஆட்டத்தோட எல்லாரையும் பூட்டுற அமைப்புன்னா இது எதுவும் உதவாது.

அஸ்தம்பட்டி_பென்ச்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பூட்டு ஆட்டத்துக்கு ஆட்டம்தான், பார்த்துட்டேன். ரெண்டு சந்தேகம். ரெண்டு நல்ல டைட் எண்ட் கிடைச்சா ஒருத்தரை ஃப்ளெக்ஸ்ல போடலாமா? ரெண்டாவது, இந்த வருஷம் சூப்பர்ஃப்ளெக்ஸ் ஆக்கலாம்னு குழுவுல ஒருத்தர் கேட்கிறார்.

சேர்வராயன்:

டைட் எண்ட், வேண்டாம். டிராவிஸ் கெல்சி 2020ல 105 கேட்ச், 1,416 யார்டு, 11 டச்டவுன், அதாவது 312.6 புள்ளி, அந்த மாதிரி ஒருத்தர் எந்த இடத்துலயும் நிப்பார். ஆனா அவர் உங்க முதல் டைட் எண்டாத்தான் இருப்பார், ரெண்டாவதா வர்றவர் 4 கேட்ச், 40 யார்டு, 8 புள்ளி. டைட் எண்ட் கேட்ச்சுக்கு 1.5 தர்ற லீக்னா மறுபடி கணக்குப் போடணும்.

சூப்பர்ஃப்ளெக்ஸ் ஆக்கினா மேல எழுதினதுல பாதியைக் கிழிச்சுப் போடுங்க. அந்த இடத்துல குவார்ட்டர்பேக்கும் நிக்கலாம். பாஸுக்குக் கணக்கு வேற, 25 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 4, இன்டர்செப்ஷனுக்கு (எதிரணி பிடிச்சுடுற பாஸ்) −2, அதனால சுமாரானவரே 250 யார்டு, 2 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன்ல 10 + 8 − 2 = 16 எடுப்பார், அந்தப் புள்ளிக்கு ரிசீவர் பாடுபடணும். 10 பேரும் ரெண்டு ரெண்டு நிறுத்தினா 20, நிஜ லீக்ல இருக்கிறதே 32 அணி, அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக்தான் ஆடுவார். முதல் 4 பிக்ல ரெண்டு குவார்ட்டர்பேக், பை வாரத்துக்கு மூணாவது ஒருத்தர் 10வது ரவுண்டுக்குள்ள. முடிவை டிராஃப்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே எடுத்துடுங்க, காட்டேஜ்ல உட்கார்ந்துட்டு மாத்தினா யாரோட பட்டியலும் செல்லாது.