இரண்டு தூண் லிப்டில் ஒரு பக்கம் லாக் பிந்தி விழுகிறது, ஆங்கர் போல்ட் சுற்றுகிறது: என்ன செய்வது?

பட்டறை_பல்லடம்

வணக்கம். பட்டறையில் வண்டி தூக்க இருப்பது 4 டன் ஹைட்ராலிக் டூ போஸ்ட் (இரண்டு தூண்) லிப்ட், தூண்களுக்கு நடுவே தரையில் ரோப்பை மூடும் தகடு (பேஸ் பிளேட்) வருகிற வகை. ஸ்விஃப்ட், ஐ20, இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ இவைதான் அதிகம் ஏறும். மூன்று விஷயம் உறுத்துகிறது.

ஏற்றும்போது இடது தூணில் லாக் (வண்டி கீழே விழாமல் தாங்கும் பூட்டு) 'டக்' என்று விழுந்து, சற்றுப் பொறுத்துத்தான் வலது தூணில் விழுகிறது. இறக்கும்போது வலது பக்கம் ஒரு நொடி மேலேயே நின்றுவிட்டுத் தடாலென்று வருகிறது. வண்டி சாய்ந்து நிமிர்வது கண்ணுக்கே தெரிகிறது.

வலது தூணைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டில் இரண்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தரை பழைய கான்கிரீட். அதன் மேல் 2 அங்குலப் பூச்சு, அதற்கு மேல் டைல்ஸ்.

அடுத்த வாரம் ஒரு ஸ்விஃப்டில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். எங்கே முட்டுக் கொடுப்பது? லிப்ட் விற்றவர்களிடம் கேட்டால் "ரோப்பைக் கொஞ்சம் டைட் பண்ணுங்க, சரியாயிடும்" என்கிறார்கள்.

லிப்ட்சர்வீஸ்_மதுரை

முதலில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்து ஃபியூஸை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் சார். ஆங்கர் பிடிக்காத தூணில் ரோப்பும் தளர்ந்திருக்கிறது. இந்த நிலையில் வண்டி ஏற்றவே கூடாது.

நீங்கள் சொன்ன அறிகுறியில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஒன்று அப்படியே தங்கிவிடும்.

முதலாவது, சமன் ரோப். இரண்டு கேரியேஜையும் (தூணில் ஏறி இறங்கும் பகுதி) குறுக்காக இணைத்து இரண்டு ரோப் போகும். ஒன்று வலது பக்கம் இடதைவிடத் தாழாமல் பார்த்துக்கொள்ளும். மற்றது இடது பக்கம் வலதைவிடத் தாழாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சரியான இறுக்கத்தில் இருந்தால்தான் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நகரும். ரோப் தளர்ந்த அளவுக்கு ஒரு பக்கம் முந்தும். லாக் சத்தம் முன்பின்னாகக் கேட்பது அதனால்தான்.

இரண்டாவது, லாக் ரிலீஸ் வயர். ஒரே நெம்புகோலால் இரண்டு லாக்கையும் விடுவிக்கும் லிப்டில், மெல்லிய வயர் ஒன்று மறு தூணுக்குப் போகும். அது நீண்டுவிட்டால் தூரத்து லாக் முழுதாக விலகாது, தூணில் அது உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் உரசிக்கொண்டு நிற்கும். உங்கள் வலது பக்கம் அந்த ஒரு நொடி நிற்பது அங்கேதான். அந்த நேரத்தில் இடது பக்கத்து எடை சமன் ரோப்பில் தொங்குகிறது. அந்த ரோப் நைந்திருந்தால் அறுவதும் அந்த நொடியில்தான். இடது பக்கம் தனியாக விழும், வண்டி உருண்டுவிடும்.

சரி செய்யும் முறை: வண்டி இல்லாமல் கேரியேஜை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, இரண்டு லாக்கும் ஒரே எண்ணிக்கையிலான பள்ளத்தில் உட்காரும்படி இறக்குங்கள். தரையிலிருந்து எத்தனையாவது பள்ளம் என்று இரண்டு பக்கமும் எண்ணியே பாருங்கள். கண் மதிப்பில் ஒரு பள்ளம் தவறிப்போகும். பிறகு ரோப் முனையில் மரை போட்ட தண்டின் நட்டை இறுக்குங்கள். தண்டை இன்னொரு ஸ்பானரால் பிடிக்காவிட்டால் ரோப்பே முறுக்கிக்கொள்ளும். தூணின் நடுவில் விரலால் அழுத்தினால் இரண்டு ரோப்பும் ஒரே அளவு, சுமார் அரை அங்குலம் நகரட்டும். ஒன்று கம்பி போல விறைத்து மற்றது தளர்ந்திருந்தால் தவறு. லாக் நட்டைப் போட்டுவிட்டு, வெறும் லிப்டை முழு உயரத்துக்கு நாலைந்து முறை ஏற்றி இறக்கி, இரு பக்க லாக்கும் ஒரே சத்தமாக விழுகிறதா என்று கேளுங்கள். நட்டு மரையின் கடைசி வரை போயும் இறுகவில்லை என்றால் ரோப் நீண்டுவிட்டது என்று பொருள். வாஷர் அடுக்கிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ரிலீஸ் வயருக்கு, நெம்புகோலை இழுத்தபடி ஒருவர் நிற்க, இன்னொருவர் டார்ச் அடித்து வலது லாக் பள்ளத்தை விட்டு முழுதாக விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். நெம்புகோலை விட்டதும் ஸ்பிரிங் அதைப் பட்டென்று உள்ளே தள்ள வேண்டும். கிரீஸும் தூசியும் கெட்டித்து லாக்கின் அச்சாணி (பின்) இறுகியிருந்தால் லாக் பாதியில் நிற்கும். பாதி நுழைந்த லாக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

தளம்_கட்டுமானம்

ஆங்கர் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் பிரச்சினை போல்ட்டில் இல்லை, டைல்ஸிலும் பூச்சிலும் இருக்கிறது. 140 மி.மீ. ஆங்கரில் தூணின் அடித்தகட்டுக் கனமும் நட்டும் போக, மீதி முழுவதும் கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் தரையில் டைல்ஸும் பூச்சும் சேர்ந்து 60 மி.மீ.க்கு மேல் தின்றுவிட்டன. நல்ல கான்கிரீட்டைப் பிடித்திருப்பது 2 அங்குலம் இருந்தால் அதிகம். டூ போஸ்ட் லிப்டில் ஆர்ம் (வண்டியைத் தாங்கும் கை) நீட்டி நிற்பதால் தூண் எப்போதும் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும்; வெளிப்பக்க ஆங்கர்களைத் தரையிலிருந்து பிடுங்கும் விசை ஓயாமல் இருக்கும்.

சுற்றுகிற வெட்ஜ் ஆங்கரை (இறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகை) மேலும் இறுக்கிப் பயனில்லை. அதே துளையில் பெரிய போல்ட் அடிப்பதும் கூடாது. துளைச் சுவர் ஏற்கெனவே நொறுங்கியிருக்கும். லிப்டைக் கழற்றி, ஒவ்வொரு தூணுக்கும் குறைந்தது 4 அடிக்கு 4 அடி, 1 அடி ஆழம் வெட்டி, இரண்டு அடுக்குக் கம்பி கட்டி எம்25 கான்கிரீட் போடுங்கள். முடிந்தால் இரண்டு தூணுக்கும் சேர்த்து ஒரே பாளமாகப் போடுவது இன்னும் நல்லது. 28 நாள் கழித்துத்தான் துளை போட வேண்டும். ஏழாம் நாளே நிறுத்திவிடலாம் என்பார்கள், கேட்காதீர்கள். ஆங்கர் விரியும்போது இளம் கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

துளை ஆங்கரின் விட்டமே இருக்க வேண்டும். பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்துத் தூளை முழுதாக வெளியேற்றுங்கள். தூள் தங்கினால் ஆங்கர் வழுக்கும். பாளத்தின் விளிம்போ இணைப்போ எந்தத் துளையிலிருந்தும் 150 மி.மீ.க்குக் கிட்டே வரக் கூடாது. தூணைத் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் இரும்பு ஷிம் (மெல்லிய தகடு) போல்ட்டை ஒட்டி வையுங்கள். இறுக்குவது டார்க் ரெஞ்சால், மேனுவலில் இருக்கும் அளவுக்கு. அந்த எண் லிப்டுக்கு லிப்ட் மாறும், இன்னொருவர் சொன்னதை வைத்து இறுக்காதீர்கள். கெமிக்கல் ஆங்கரும் (பசை ஊற்றிப் பிடிப்பது) லிப்ட் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே.

சேஸிஸ்_ரவுண்ட்

மூன்றாவது கேள்வி, இன்ஜின் இறக்கும்போது முட்டு. எடை மையம் எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டால் பயம் எங்கே வேண்டும் என்று தெரியும். 900 கிலோ ஹேட்ச்பேக், வீல்பேஸ் 2450 மி.மீ., எடையில் 60 சதவீதம் முன்பக்கம் என்று வையுங்கள். எடை மையம் முன் அச்சிலிருந்து 980 மி.மீ. தள்ளி இருக்கும். முன் அச்சின் மேலேயே இருக்கும் 150 கிலோ இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்துவிட்டால் அது சுமார் 1175 மி.மீ.க்குப் போய்விடும். ஏறக்குறைய 20 செ.மீ. பின்னால்.

நான்கு பேடும் (ஆர்ம் முனையில் வண்டியைத் தாங்கும் தட்டு) கம்பெனி குறித்த இடத்தில் இருந்தால் வண்டி இதைத் தாங்கும். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருந்து, பின் ஆர்ம் எட்டவில்லை என்று பேடை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தால் தாங்காது. அதோடு இன்ஜின் மவுண்ட் போல்ட் இறுகியிருக்கிறதென்று நீளக் குழாய் போட்டு இழுத்தால், வண்டி கவிழ அந்த உலுக்கலே போதும்.

ஆகவே போல்ட்டில் கை வைப்பதற்கு முன்பே, வண்டி முழு எடையோடு இருக்கும்போதே, பின்பக்கம் இரண்டு உயர ஸ்டாண்ட் கொடுங்கள். பின் ஆக்ஸிலுக்கு அடியில் வைக்க வேண்டாம். அங்கே வைத்தால் ஸ்பிரிங் அமுங்கிய பிறகுதான் ஸ்டாண்ட் எடை வாங்கும், அதற்குள் முன் பேட் விட்டுப்போயிருக்கும். பாடியின் உறுதியான இடத்தில் வைத்து, ஸ்டாண்டின் திருகை மேலே ஏற்றித் தொட வையுங்கள். லிப்டை ஸ்டாண்டின் மேல் இறக்கினால் அந்தப் பக்கம் பேடிலிருந்து கிளம்பிவிடும். பொலேரோவில் பின் ஆக்ஸில் எடுக்கும்போது இதற்கு நேர்மாறு: மூக்குப் பக்கம் கனக்கும், ஸ்டாண்ட் முன்னால் வேண்டும்.

பேட் வைக்கும் இடம்தான் தினமும் தவறு நடக்கிற இடம். ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றில் சில் (கதவுக்கு அடியில் ஓடும் பாடி விளிம்பு) ஓரத்து மடிப்பில் ஜாக்கி வைக்க இரண்டு வெட்டு இருக்கும், அதற்கு நடுவே பேட் வர வேண்டும். கிரிஸ்டா, பொலேரோவுக்குத் தனி சேஸிஸ் சட்டம் உண்டு. பேட் அந்தச் சட்டத்தில் உட்கார வேண்டும், ஃபுட்போர்டிலோ அதன் பிராக்கெட்டிலோ அல்ல. சட்டம் உயரத்தில் இருப்பதால் பேட் எட்டாது. அதற்கு லிப்டோடு வரும் உயர அடாப்டரைத்தான் போட வேண்டும். மரக்கட்டையை அடுக்குகிற பழக்கம் பல பட்டறையில் இருக்கிறது. எண்ணெய் ஊறிய கட்டை பிளக்கும், வழுக்கும், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நெக்ஸான் இ.வி. போன்ற வண்டியில் தரை முழுக்க பேட்டரிப் பெட்டி. பேட் அதன் விளிம்பைக்கூடத் தொடக் கூடாது.

4 டன் லிப்ட் என்றால் ஒரு ஆர்முக்கு 1 டன்தான். மொத்தம் 4 டன்னுக்குள் இருக்கிறதே என்று பின்னால் சரக்கோடு நிற்கும் பிக்கப்பை ஏற்றினால் பின் ஆர்ம் இரண்டுக்கும் அளவு மீறிவிடலாம்.

ஏற்றும் வரிசை: பேட் தொட்டதும் நிறுத்தி நான்கையும் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் ஏறியதும் மறுபடி நிறுத்தி, பம்பர் பக்கமிருந்து நன்றாக உலுக்குங்கள். விழுவதானால் அங்கேயே விழட்டும். பேடை மறுபடி பார்த்து, ஆர்மைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆர்ம் லாக்கின் பல் பிடித்திருந்தால் அசையாது. அதன் பிறகுதான் வேலை உயரத்துக்கு ஏற்ற வேண்டும், ஏற்றியதும் சிறிது இறக்கி இரு லாக்கிலும் எடையை உட்கார வைக்க வேண்டும். எண்ணெயின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் போவது என்பது ஒரு சீலையும் ஒரு ஹோஸையும் நம்பிப் போவது.

பட்டறை_பல்லடம்

எல்லோருக்கும் நன்றி அண்ணே. ஃபியூஸை எடுத்துவிட்டேன். ரோப்பைப் பார்த்ததில் கீழ்ப் புல்லி (கப்பி) அருகே மூன்று கம்பி அறுந்து முள்ளாக நிற்கிறது. ஒரு ரோப்பில் மட்டும்தான். அதை மட்டும் மாற்றினால் போதுமா? இங்கே ரோப் கடையில் நீளத்துக்கு வெட்டித் தருகிறார்கள். இன்னொன்று: வண்டி மேலே இருக்கும்போது கரண்ட் போனால் எப்படி இறக்குவது?

லிப்ட்சர்வீஸ்_மதுரை

இரண்டையும் மாற்றுங்கள். புதியது ஒன்றும் நீண்ட பழையது ஒன்றுமாக இருந்தால் இறுக்கம் சமமாக வரவே வராது. கடையில் வெட்டிய ரோப்பில் யு கிளாம்ப் போட்டுக் கட்டுவது இந்த வேலைக்கு ஆகாது. கிளாம்ப் நழுவும், புல்லிக்குள்ளும் போகாது. அதே விட்டம், அதே பின்னல், இரு முனையிலும் மரைத் தண்டு பிரஸ் செய்து வருவதை லிப்ட் கம்பெனியிடமே வாங்குங்கள்.

ரோப் ஏன் அந்த இடத்தில் அறுந்தது என்றும் பாருங்கள். அடிப் புல்லி சுற்றாமல் இறுகியிருந்தால் ரோப் அதன் மேல் தேய்ந்துகொண்டே ஓடும். பேஸ் பிளேட் மூடிக்கு அடியில் தண்ணீரும் மண்ணும் தேங்குவதால் அந்தப் புல்லியின் புஷ்தான் (அச்சாணியைச் சுற்றிய உறை) முதலில் போகும். புல்லியைக் கழற்றிப் பின்னையும் புஷ்ஷையும் பார்க்காமல் ரோப் மட்டும் போட்டால் புது ரோப்பும் அதே இடத்தில் நையும். இனி மாதம் ஒரு முறை துணியால் ரோப்பைப் பிடித்து முழு நீளமும் உருவிப் பாருங்கள்; வெறும் கை வேண்டாம், கிழித்துவிடும். துணி சிக்குகிற இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது. புது ரோப் முதல் சில வாரத்தில் நீளும், அப்போது ஒரு முறை மீண்டும் இறுக்கிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியாள் ஒருவரை வைத்து முழுச் சோதனை செய்யுங்கள். அமெரிக்காவில் லிப்ட் தரநிலை ஆண்டுக்கு ஒரு சோதனையைக் கேட்கிறது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் தூக்குக் கருவி விதிகளின் கீழ், ஆள் அடியில் நின்று வேலை செய்யும் வாகன லிப்டை வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். தேதியையும் மாற்றிய பாகத்தையும் ஒரு நோட்டில் எழுதி, பவர் பேக் (மோட்டாரும் பம்பும் உள்ள பெட்டி) பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

கரண்ட் போனால்: வண்டி லாக்கில் உட்கார்ந்திருந்தால் அவசரமே இல்லை. லாக்கை விடுவிக்க முதலில் லிப்டைச் சிறிது மேலே ஏற்ற வேண்டும், அதற்கு மோட்டார் ஓட வேண்டும். கரண்ட் வரட்டும், அல்லது ஜெனரேட்டர் போடுங்கள். லாக்கை சுத்தியலால் தட்டி எடுக்க முயல்வதுதான் ஆபத்து. கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடியும் லிப்ட் ஏறவில்லை என்றால் உடனே விரலை எடுங்கள். த்ரீ ஃபேஸில் லைன் மாறிப்போய்ப் பம்ப் எதிர்த்திசையில் சுற்றுகிறது.

இறக்கும்போது ஒரு பக்கம் நின்றுவிட்டால் இறக்கும் வால்வை உடனே விடுங்கள். கீழே இறக்கிச் சரி செய்யப் பார்க்காதீர்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஏற்றும் பட்டனைத் தொட்டு நின்ற பக்கத்து லாக் விடுபடும் வரை மட்டும் ஏற்றுங்கள், பிறகு இரு லாக்கும் விலகியதைக் கண்ணால் பார்த்துவிட்டு இறக்குங்கள். சாய்கிற வண்டியைக் கையால் பிடிக்கப் போகக் கூடாது, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கவும் கூடாது. இறக்குபவர் பவர் பேக்கை விட்டு நகராமல், இரு பக்கமும் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். வால்வு நெம்புகோலைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறவரை அந்த லிப்டில் கை வைக்க விடாதீர்கள்.