பவளம் இல்லாமல் கடல் மீன் தொட்டியை அழகாக்குவது எப்படி? (தருமபுரி, 4 அடித் தொட்டி)

தருமபுரி_4அடி:

எல்லாருக்கும் வணக்கம். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மீன் மட்டும்தான், உயிர்ப் பவளம் வைக்கும் எண்ணமே இல்லை. நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) ஓட்டிக் கட்டுப்படியாகாது. தொட்டிக்கு வயது மூன்று மாதம். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு மஞ்சள்வால் டாம்செல் இருக்கிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20. மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, தொட்டிதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அடியில் வெள்ளைக் கிளிஞ்சல் மணல். பின்கண்ணாடியில் கடல் படம் போட்ட ஸ்டிக்கர். நான்கு பிளாஸ்டிக் பவளம், நான்கும் நான்கு நிறம், வரிசையாக மணல் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இப்போது எல்லாவற்றின் மேலும் பழுப்புப் படிவு. தேய்த்துக் கழுவினால் பத்தே நாளில் திரும்ப வந்துவிடுகிறது.

ஒரு கடையில் செத்த வெள்ளைப் பவளம், கடல் விசிறி எல்லாம் தருகிறேன் என்கிறார்கள், உயிர் இல்லாததால் பிரச்சினை இல்லையாம். வாங்கலாமா? இந்தப் பக்கம் கிரானைட் துண்டு கேட்ட இடத்தில் கிடைக்கிறது, அதைப் போடலாமா? விளக்கு எப்படி வைப்பது என்றும் சொல்லுங்கள்.

ஓசூர்_உப்புத்தண்ணி:

முதலில் அந்தச் செத்த பவளம். வாங்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, அட்டவணை 1-இல் பாறைப் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-லிருந்து இருக்கிறது. உயிரோடு இருந்தாலும் எலும்புக்கூடாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். விற்பதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். “லைவ் ராக்” (நுண்ணுயிர் குடியிருக்கும் பாறை) என்று கடலிலிருந்து எடுத்து விற்பதும் பல நேரம் பவளத் துண்டுதான். கடல் குதிரையும் அதே அட்டவணையில் இருக்கிறது, அதையும் தள்ளிவிடுங்க.

சட்டத்தை விட்டுவிட்டாலும், வெள்ளை எலும்புக்கூடு அழகாக இருப்பது முதல் மூன்று வாரம்தான். அதன் துளைகளுக்குள் பாசி ஏறினால் பிரஷ் போகாது.

கிரானைட் தாராளமாகப் போடலாம், தண்ணீரின் பி.எச்-சை (அமில, கார அளவை) அது தொடாது. ஆனால் எந்தக் கல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டறையில் கிடக்கும் பாலீஷ் போட்ட துண்டு வேண்டாம், தொட்டிக்குள் சமையல் மேடை மாதிரி தெரியும். வெயிலிலும் மழையிலும் கிடந்து தோல் சொரசொரப்பான கல்லைத் தேடுங்க. கிருஷ்ணகிரிப் பக்கத்து பாரடைஸோ கல்லில் ஓடும் இளஞ்சிவப்பு, ஊதா வரி நீல வெளிச்சத்தில் நன்றாக எடுபடும். கருங்கல்லும் சேர்த்துக் கலக்காதீங்க. ஒரு தொட்டிக்கு ஒரே வகைக் கல், அதுதான் இயற்கையான பாறை போல இருக்கும்.

குவாரிக் கல்லில் இரண்டு ஆபத்து. ஒன்று, மெஷின் ஆயில், கிரீஸ். இரண்டாவது பலருக்குத் தெரியாது: வெடி வைத்து உடைத்த கல்லில் அம்மோனியம் நைட்ரேட் எச்சம் ஒட்டியிருக்கலாம். சோப்புத்தூள் போடாமல் கம்பி இல்லாத பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரில் அம்மோனியா, நைட்ரேட் டெஸ்ட் பண்ணுங்க. இரண்டும் ஊற்றிய தண்ணீரின் அளவிலேயே இருந்தால் கல் தயார். மேலே எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் கல்லை மாற்றிவிடுங்க, எண்ணெய் முழுசாகப் போகாது. துரு வடிந்த கறை உள்ள கல்லும் வேண்டாம்.

அடுக்கும் முறை: தொட்டி நீளம் 120 செ.மீ. நடுவில் கோபுரம் கட்டாதீங்க. இடது ஓரத்திலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பெரிய குன்றின் உச்சி, உயரம் 28 முதல் 30 செ.மீ. வலது பக்கம் 15 செ.மீ. உயரத்தில் சின்னக் குன்று. இரண்டுக்கும் நடுவே 25 செ.மீ. வெறும் மணல். பின்கண்ணாடியிலிருந்து 8 செ.மீ. இடைவெளி விடுங்க, மீன் பின்னால் போய்த் திரும்ப வெளியே வரும். அந்த மறைந்து வரும் காட்சிதான் தொட்டிக்கு ஆழம் கொடுக்கிறது, ஸ்டிக்கரில் இருக்கும் கடல் கொடுக்காது.

அந்தக் கடல் படத்தை உரித்துவிட்டு வெளிப்பக்கக் கண்ணாடியில் மேட் கருப்பு எனாமல் இரண்டு கை அடிங்க. நீலமும் நல்லதுதான், கண்ணுக்குத் தூரம் காட்டும். ஆனால் உங்க மீன்கள் ஆரஞ்சு, நீலம், மஞ்சள். கருப்பில்தான் அந்த நிறம் வெட்டித் தெரியும். கருப்பு இன்னொன்றும் செய்யும்: வேவ்மேக்கர் (தண்ணீரை ஓட வைக்கும் பம்பு), குழாய், ஒயர் எல்லாம் அதில் மறைந்துவிடும்.

காவேரிப்பட்டணம்_ரீஃப்:

ஓசூர் அண்ணா சொன்னதில் கல் தேர்வில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கிரானைட்டில் துளை கிடையாது, மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தங்க இடம் மேல்தோல் மட்டும்தான். வடிகட்டும் வேலை முழுக்க ஃபில்டரில் உள்ள செராமிக் வளையத்தின் தலையில் விழும். எடையும் பாருங்க: 25 கிலோ கிரானைட் அடைக்கும் இடம் 9 லிட்டர்தான், அதனால் கண்ணுக்கு நிறைவாகத் தெரிய 50 கிலோ வரை போட வேண்டியிருக்கும். அடியில் கிரானைட், மேலே சிமென்ட் பாறை என்று கலந்தால் எடையும் குறையும், குகையும் விருப்பப்படி கிடைக்கும்.

சிமென்ட் பாறை செய்முறை, கன அளவில்: வெள்ளை சிமென்ட் 1 பங்கு, கிளிஞ்சல் குருணை 2 பங்கு, கல் உப்பு 2 பங்கு. கிளிஞ்சல் குருணை கோழித்தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும், அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்க. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிங்க. கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், விரல் இடுக்கில் வழியக் கூடாது. தண்ணீர் அதிகமானால் உப்பு அப்போதே கரைந்து துளை விழாது, கட்டியாகப் போய்விடும்.

ஈர மணல் நிரப்பிய வேறொரு பெட்டியில் கையால் குழி பறித்து அதில் கலவையை அமுக்குங்க. குகை வேண்டிய இடத்தில் ஈர மணல் உருண்டையை வைத்து அதன் மேல் கலவையைப் போர்த்துங்க. ஈரச் சாக்குப் போட்டு இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் போடுங்க. உப்பு கரைந்து வெளியேறிய இடமெல்லாம் பொத்தல் விழும், பவளப் பாறையின் மேல்தோல் மாதிரியே இருக்கும்.

அவசரப்பட்டுக் கெடுப்பது இதற்கு அப்புறம்தான். சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும், பி.எச் 11, 12 வரை ஏறும். நான்கு முதல் ஆறு வாரம், இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுங்க. கடைசியில் ஆர்.ஓ தண்ணீரில் இரண்டு நாள் அசையாமல் வைத்து அளந்தால் 8.5-க்குள் நிற்கணும். நிற்கவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம். உள்ளே கம்பியோ வலையோ வைக்காதீங்க, துருப்பிடித்துப் பாறையைப் பிளக்கும். வெள்ளை சிமென்ட் கேட்டால் சில கடைகளில் சுவருக்குப் பூசும் வால் பட்டியைத் தருவார்கள். அதில் பாலிமர் சேர்ந்திருக்கும், வேண்டாம்.

நிறம் வேண்டுமா? பழைய வீடுகளில் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு, சுத்தமான இரும்பு ஆக்சைடாகப் பார்த்து, 1 கிலோ சிமென்ட்டுக்கு 20 கிராம். செங்கல் கலந்த ரோஜா நிறம் வரும். பழுப்புப் பாசி படிந்தாலும் இந்த நிறத்தில் அழுக்காகத் தெரியாது. கலர் கோலப்பொடி கலந்துவிடாதீங்க, அந்தச் சாயம் தண்ணீரில் இறங்கும்.

தருமபுரி_4அடி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சிமென்ட் பாறை செய்து பார்க்கிறேன். இந்தப் பழுப்புப் படிவு எதனால்? தண்ணீர், வீட்டு ஆர்.ஓ-வில் பிடிப்பதுதான், மூலம் போர் தண்ணீர். நம்ம மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் அதுவும் ஒரு காரணமா? பிளாஸ்டிக் பவளத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பாலக்கோடு_மீன்பட்டறை:

தம்பி, ஃப்ளோரைடு மேல் பழி போட வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான், மனுஷனுக்கு அது பெரிய விஷயம். ஆனால் கடல் தண்ணீரிலேயே இயற்கையாக லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உண்டு. உங்க தொட்டியில் படிவது டயாட்டம் என்கிற நுண்பாசி, அதற்குத் தீனி சிலிக்கா. நம்ம ஊர்ப் பாறை வழியாக ஊறி வரும் போர் தண்ணீரில் சிலிக்கா கரைந்தே வரும். ஆர்.ஓ அதில் பெரும்பகுதியைத் தடுக்கும்.

ஆனால் குடிக்கிற ஆர்.ஓ மெஷினில் ருசிக்காக டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) அட்ஜஸ்டர் என்று ஒரு குட்டித் திருகு இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடுகிறது. மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதுவும் சேர்க்கும். மெம்பரேனிலிருந்து வரும் குழாயிலேயே தண்ணீரைப் பிடித்து டிடிஎஸ் பாருங்க. போர் தண்ணீர் 1000 இருந்தால் நல்ல மெம்பரேனிலும் 50 முதல் 100 வரை வரும். அதற்குப் பின்னால், மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ ரெசின் ஒரு குப்பி வைத்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். ரெசின் தீர்ந்துபோகும் நேரத்தில் சிலிக்காவைத்தான் முதலில் நழுவவிடும், அதனால் மீட்டர் 1, 2 காட்டும்போதே மாற்றுங்க. வெயில் காலத்தில் ஆவியாகும் தண்ணீருக்குத் தினமும் ஈடு செய்வதும் இதே தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் அல்ல. அதில் சிலிக்கா இருந்தால் தினமும் தீனி போடுகிற கணக்கு.

பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் கிளையிலும் காந்தத்தை ஓட்டுங்க. ஒட்டினால் உள்ளே கம்பி இருக்கிறது, அது போகட்டும். நகத்தால் கீறினால் பெயின்ட் உரிவதும் போகட்டும். மிச்சத்தில் பளீர் ரோஸ், கிளிப்பச்சை இரண்டையும் எடுத்துவிடுங்க. நீல விளக்கில் அவை பொம்மைக்கடை மாதிரி மின்னும். கடுகு மஞ்சள், காப்பி நிறம், இருண்ட ஊதா இவைதான் நிற்கும். வைக்கும்போது நிறத்துக்கு ஒன்று என்று தள்ளித்தள்ளி வைக்காமல், ஒரே வகையில் மூன்றை, உயரம் மாற்றி, பாறையின் மேல்பாதியில் நெருக்கமாக வையுங்க. பவளம் வளர்வது அப்படித்தான், ஒரு கூட்டமாக. ஒவ்வொன்றின் தட்டை அடிப்பாகமும் பாறை இடுக்குக்குள் புதையணும். மணல் மேல் அந்தத் தட்டு தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் பொம்மைதான். மெத்தென்ற சிலிக்கான் அனிமோன் ஒன்றை வேவ்மேக்கர் ஓட்டம் படும் இடத்தில் வைத்தால் ஆடிக்கொண்டே இருக்கும்.

கழுவ: 4 சதவீத ப்ளீச்சிங் திரவம் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு, 20 நிமிஷம். பிறகு நன்றாக அலசி, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் போட்ட தண்ணீரில் முக்கி, வாசனை அறவே போகும்வரை வெயிலில் காய விடுங்க. வினிகரை அதோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இரண்டு செட் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் தொட்டி எப்போதும் சுத்தமாக இருக்கும்.

விளக்கு: மீன் மட்டும் என்றால் 30 முதல் 40 வாட் எல்இடி போதும், ஒரு நாளைக்கு 7 மணி நேரம். வெள்ளையைப் பாதிக்குக் குறைத்து நீலத்தைக் கூட்டுங்க. ட்யூப் மாதிரி பரவும் வெளிச்சத்தில் தண்ணீரின் அலை நிழல் விழாது. தனித்தனி எல்இடி புள்ளிகள் உள்ள விளக்கில்தான் மணல் மேல் அந்த வலைப்பின்னல் ஓடும். முக்கியமாக, விளக்கை முன்கண்ணாடிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கில் நகர்த்துங்க. பின்னால் இருந்தால் மீனின் முதுகுதான் ஒளிரும், நமக்குத் தெரிகிற பக்கம் நிழலாகிவிடும். இன்றைக்கே கையால் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்க, டாம்செல்லின் நீலம் ஏறி இறங்குவது தெரியும்.

ஓசூர்_உப்புத்தண்ணி:

சிமென்ட் பாறை யோசனை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கிளிஞ்சல், சிமென்ட் இரண்டும் தாமிர மருந்தை உறிஞ்சும். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் இந்தத் தொட்டியில் தாமிரம் போட்டால் அளவு நிற்காது. 50 லிட்டர் தனித் தொட்டி, வெறும் அடி, பிவிசி குழாய்த் துண்டு ஒளிவதற்கு, அதில்தான் வைத்தியம்.

மீன் சேர்ப்பதாக இருந்தால், பவளத்தைக் கொத்தும் என்று மற்றவர்கள் ஒதுக்கும் கோரல் பியூட்டி என்கிற குட்டி ஏஞ்சல் மீன் உங்களுக்குப் பொருந்தும், 10 செ.மீ. தாண்டாது. மஞ்சளுக்கு ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், நம்ம கடற்கரையில் ஓரா என்கிற குடும்பம்தான். பாசி தின்னும். 20 முதல் 25 செ.மீ. வரை வளரும், இந்தத் தொட்டிக்கு அதுவே மேல் எல்லை. முதுகு முள்ளில் விஷம் உண்டு, வலையில் எடுக்காமல் டப்பாவில் எடுங்க.

தருமபுரி_4அடி:

சரிங்கண்ணா. கடைசியாக ஒன்று. மீன் உள்ளே இருக்கும்போதே பாறையை எப்படி இறக்குவது?

காவேரிப்பட்டணம்_ரீஃப்:

தொட்டித் தண்ணீரில் 100 லிட்டரைச் சுத்தமான டிரம்களில் முதலில் எடுங்க, மணலைக் கிளறும் முன்பே. அதில் ஒன்றில் மீன்களை விட்டு ஏர்ஸ்டோன் போட்டு மூடுங்க, டாம்செல் குதிக்கும். ஃபில்டர் மீடியா தொட்டித் தண்ணீரிலேயே நனைந்து இருக்கட்டும், காயக் கூடாது.

பாறை மணல் மேல் நிற்கக் கூடாது, மீன் தோண்டினால் சாய்ந்து கண்ணாடி போகும். பாறை வரும் இடத்தில் மட்டும் மணலை ஒதுக்கி, 5 மி.மீ. அக்ரிலிக் துண்டு போட்டு அதன் மேல் கல்லை வைத்து, கையால் உலுக்கிப் பார்த்து, ஆடவில்லை என்றால் சுற்றிலும் மணலைத் தள்ளுங்க. மணல் உயரம் 2 முதல் 3 செ.மீ. போதும். மொத்த மணலையும் ஒரே நாளில் அலசாதீங்க, அதில் பாக்டீரியா இருக்கிறது. கிளறிய இடத்தில் வரும் கலங்கலைக் குழாயால் சுமார் 30 லிட்டர் உறிஞ்சி வெளியே விடுங்க, அந்த 30 லிட்டருக்குப் புதுத் தண்ணீர்: உப்பு சுமார் 1 கிலோ, முந்தின நாளே கலக்கி, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பு அளக்கும் கருவி) உங்க தொட்டியின் உப்பு அளவுக்குச் சரி பார்த்து வையுங்க. மேலே வைக்கும் சிமென்ட் பாறையைக் கிரானைட்டோடு பிடிக்க, பட்டறையில் 10 மி.மீ. துளை போட்டு வாங்கி அக்ரிலிக் கம்பி சொருகினால் பசையே வேண்டாம். மீனைத் திரும்ப விடுவது தண்ணீர் தெளிந்து, அம்மோனியா பூஜ்யம் என்று பார்த்த பிறகு. அடுத்த மூன்று நாள் தீனியைப் பாதியாக்கி, தினமும் அம்மோனியா பாருங்க.